மூன்றாவது போர்டு

ஜூன் 3, செவ்வாய்

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். இனி எழுதி வைக்கப் போகிறேன். இந்தக் கம்பெனியில் எனக்கு நடந்ததையெல்லாம் என்றைக்காவது யாராவது கேட்டால், தேதி போட்டுச் சொல்ல வேண்டும் அல்லவா.

இன்றைய கணக்கு: பிரகதீஷ் டிசைன் பிரிவுக்குத் தலைவராகி ஒரு வருடம் ஆனதற்கு கேக் வெட்டினார்கள். முதலாளி சென்னியப்பன் அவர் வாயில் ஒரு துண்டை ஊட்டினார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

பிரகதீஷ் கல்லூரியில் படிக்கும்போது புராஜெக்டுக்காக என்னிடம் வந்தவன். அப்போது "வாடா" என்பேன். பிறகு வெளிநாடு போய்ப் படித்துவிட்டு வந்தான். இப்போது நான் "வாங்க பிரகதீஷ்" என்கிறேன். அவர் என்னை "சார்" என்கிறார். அந்த சாருக்குள் ஒரு சிரிப்பு இருக்கிறது. அது எனக்கு மட்டும் கேட்கும். நான் எம்.ஈ. முடித்து இங்கே சேர்ந்தபோது இந்தக் கட்டடத்துக்கு மாடி கிடையாது. இன்று மாடியில் அவர் அறை. கீழே, படிக்கட்டுக்குப் பக்கத்தில், என் மேஜை.

கேஸ் சிலிண்டர் பதிவு செய்தேன். வீட்டில் வசந்தாமணிக்கு பிரஷர் மாத்திரை வாங்க மறந்துவிட்டேன். "உங்களுக்கு ஆபீஸ்ல நடந்தது மட்டும் மறக்காதுங்" என்றாள்.

ஜூன் 5, வியாழன்

பள்ளிக்கூடங்களுக்கு ஆம்ப்ளிஃபயர் செய்கிறோம். காலைக் கூட்டத்துக்கும் ஆண்டு விழாவுக்கும் ஆனது. வடிவமைப்பு பிரகதீஷுடையது. முழுக்கக் கணினியில் போட்டுப் பார்த்தது. எந்த இடத்தில் எவ்வளவு கரண்ட் ஓடும் என்று, ஒரு பாகம்கூட வாங்குவதற்கு முன்பே சிமுலேஷன் சொல்லிவிடும். மைக்கில் யாரும் பேசாதபோதும் ஆம்ப்ளிஃபயர் சும்மா கொஞ்சம் கரண்ட் இழுத்துக்கொண்டுதான் இருக்கும். அது முப்பது மில்லி ஆம்பியர் என்றது கணினி.

போர்டு செய்து வந்த பிறகு ஜெசிந்தா அளந்தாள். எண்பத்து நான்கு.

ஜெசிந்தா டெஸ்டிங் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவள். நாகர்கோவில் பக்கம். இந்த மாதக் கடைசியில்தான் அவள் வேலையை நிரந்தரம் ஆக்குவார்கள். மூன்று போர்டையும் அளந்தாள். மூன்றிலும் எண்பதுக்கு மேல். மீட்டரை மாற்றினாள், ஃப்யூஸை மாற்றினாள். அப்போதும் அதேதான்.

பிரகதீஷ் கீழே இறங்கி வந்தார். ஸ்கோப்பை மாட்டி, அலை எப்படி இருக்கிறது என்று பார்த்தார். திரையில் ஒரு நேர்கோடு. பக்கத்தில் இருந்த மீட்டரைக் காட்டினார்.

"முப்பத்தொண்ணு. எங்கே உங்க எண்பத்து நாலு?"

"இப்ப இருந்துச்சு சார்."

"கரண்ட் என்ன பஸ் பயணியா, ஸ்டாப் வந்ததும் இறங்கிப் போக?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எனக்குக் காரணம் தெரியும்.

ஜூன் 6, வெள்ளி

சிறுவாணித் தண்ணீர் வந்தது. மோட்டாரை நிறுத்த மறந்து தொட்டி வழிந்தது. வேறொன்றும் இல்லை.

ஜூன் 9, திங்கள்

காரணத்தை இங்கே எழுதிவைக்கலாம். யார் படிக்கப் போகிறார்கள்.

அந்தப் போர்டின் பெரிய டிரான்சிஸ்டர்கள் இரண்டும் பேச்சோ பாட்டோ இல்லாதபோதும் தமக்குள்ளே துடித்துக்கொண்டிருக்கின்றன. காதுக்கு எட்டாத வேகம். விநாடிக்குப் பல லட்சம் தடவை. அந்தத் துடிப்புக்குக் கரண்ட் வேண்டும். கூடுதலாகப் போவது அதுதான். ஸ்கோப்பின் முனையைக் கொண்டுபோய் வைத்தால், அந்த முனையும் வயருமே ஒரு சிறு பாரமாகித் துடிப்பை அமுக்கிவிடும். எடுத்தால் மறுபடி ஆரம்பித்துவிடும். பிரகதீஷ் எப்போதும் ஸ்கோப்பை மாட்டிக்கொண்டுதான் மீட்டரைப் பார்ப்பார். ஜெசிந்தா மீட்டரை மட்டும் வைத்து அளப்பாள். இரண்டு பேர் சொல்வதும் உண்மை.

கணினியில் இது நடக்காது. கணினிக்குக் கம்பியின் நீளம் தெரியாது. அங்கே இந்தப் புள்ளியும் அந்தப் புள்ளியும் ஒட்டிக்கொண்டிருக்கும். மேஜையில் நான்கு விரல் தூரம் இருக்கும். அந்த நான்கு விரலில்தான் எல்லாக் கெட்ட குணமும் வந்து குடியேறும்.

இதற்கு மருந்து சுலபம். ஒவ்வொரு டிரான்சிஸ்டரின் வாசலிலும் ஒரு சிறு ரெசிஸ்டர். அரிசியை விடச் சற்றுப் பெரியது. நான் பழக்கமாகப் போடுவேன். வரைபடத்தில் இருந்தாலும் போடுவேன், இல்லாவிட்டாலும் போடுவேன். இந்த முறை பிரகதீஷ் எடுத்துவிட்டார். "இருந்தாலும் இல்லாட்டியும் சிமுலேஷன்ல ஒண்ணுதான் வருது சார். எதுக்குச் சும்மா? என் டிராயிங்ல இல்லாததை நீங்க சேர்க்காதீங்க." கூட்டத்தில், எல்லார் முன்னாலும்.

சேர்க்கவில்லை. அவர் கணினியையும் அவருடைய வெளிநாட்டுப் படிப்பையும் வைத்து அவரே கண்டுபிடிக்கட்டும்.

ஜூன் 10, செவ்வாய்

ஜெசிந்தா எனக்கும் டீ எடுத்துவந்தாள். என் மேஜையில் கிடந்த பழைய போர்டு ஒன்றைத் திருப்பிப் பார்த்தாள்.

"இது சார் சால்டர் பண்ணுனதுதானே? ஆயிரம் போர்டுல கலந்து போட்டாலும் எடுத்துருவேன்."

"எப்படி?"

"எல்லாரும் ரெசிஸ்டர் கால நேரா நறுக்குவாங்க. நீங்க மட்டும் எடது பக்கமா மடக்கி விடுவிய, பாத்தியளா? தல சாச்சுத் தூங்குத மாதிரி."

இத்தனை வருடத்தில் என் வேலையை ஒருவர் உற்றுப் பார்த்தது அதுவே முதல் தடவை. டீயில் சர்க்கரை குறைவு என்றேன்.

ஜூன் 11, புதன்

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் டெஸ்டிங் மேஜையில் அவள் மட்டும் இருந்தாள். டிபன் பாக்ஸ் திறக்காமல் இருந்தது. ஸ்கோப்பின் முனையைப் போர்டில் வைத்தாள், எடுத்தாள். வைத்தாள், எடுத்தாள்.

"சார், ஒரு சந்தேகம். ஸ்கோப்ப வச்சா கரண்ட் கொறையுது, எடுத்தா ஏறுது. நான் நூறு தடவ பாத்துட்டேன். அப்படி நடக்குமா சார்?"

கண்டுபிடித்துவிட்டாள். பாதி வழி வந்துவிட்டாள். ஒரு வார்த்தை போதும்.

"தெரியலையேம்மா. பார்க்கணும்."

"பிரகதீஷ் சார்ட்ட சொன்னேன். எந்தப் புக்குல இருக்குன்னு கேக்காரு."

எந்தப் புத்தகம், எந்த அத்தியாயம் என்று எனக்குத் தெரியும். அந்தப் புத்தகம் அப்போது என் முதுகுக்குப் பின்னால் இருந்த அலமாரியில்தான் இருந்தது. அதை மறைத்துக்கொண்டு நின்றேன் என்று எழுத மாட்டேன். நான் நின்ற இடம் அது, அவ்வளவுதான்.

ஜூன் 12, வியாழன்

எலெக்ட்ரானிக்ஸ்காரர்கள் ஒருவரையொருவர் கேள்வி கேட்டுக்கொள்ளும் இணையக் களம் ஒன்று உண்டு. நான் அங்கே எழுதுவதில்லை, படிப்பேன். இன்று ஒரு கேள்வி: சிமுலேஷனில் முப்பது, அளந்தால் எண்பத்து நான்கு, ஸ்கோப்பை வைத்தால் முப்பத்தொன்று, ஏன்? சர்க்யூட்டின் ஒரு பகுதியையும் ஜெசிந்தா போட்டிருந்தாள். கடைசி வரி: "தெரிந்தவர்கள் சொல்லுங்கள். என் வேலை இதில்தான் இருக்கிறது."

கீழே பதில்கள். ஒருவர் மீட்டரைக் கழுவிப் பார்க்கச் சொல்கிறார். ஒருவர், சிமுலேஷனில் டிரான்சிஸ்டரின் எண்ணை மாற்றி மாற்றிப் போட்டு எண்பத்து நான்கு வரவழைத்துவிடுங்கள், பிரச்சினை தீர்ந்தது என்கிறார். இப்படிப்பட்டவர்கள்தான் மேலே போகிறார்கள்.

நான் பதில் எழுத ஆரம்பித்து அழித்தேன். வசந்தாமணி, "ஏனுங், போனையே பாத்துட்டு உக்காந்துக்கறீங். யாருக்காச்சும் ஒடம்பு செரியில்லீங்களா?" என்றாள்.

ஜூன் 13, வெள்ளி

விஷயம் பிரகதீஷ் காதுக்குப் போய்விட்டது. கம்பெனி சர்க்யூட்டை ஊருக்கே காட்டியிருக்கிறாள் என்று மாடியில் கத்தினார். கீழே வரை கேட்டது. அவள் இறங்கி வந்து முகம் கழுவிக்கொண்டு மறுபடி மீட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

எனக்கு அவரோடுதான் வழக்கு. அவளோடு என்ன?

மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனபோது மூன்றாவது போர்டை எடுத்தேன். முதல் இரண்டும் சாம்பிளாகச் சென்னைக்குப் போய்விட்டன; இங்கே மிஞ்சியது அது ஒன்றுதான். சூட்டைத் தணிக்கும் ஹீட் சிங்கின் திருகுகளைக் கழற்றி, போர்டைத் திருப்பி, அடியில் செம்புத் தடத்தை இரண்டு இடத்தில் வெட்டி, இரண்டு ரெசிஸ்டர் சால்டர் செய்தேன். திரும்ப மாட்டினேன். மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஸ்கோப் இல்லாமல் அளந்தேன். முப்பத்தொன்று.

இன்று மத்தியானத்துக்கு மேல் அவளுக்கு வேறு வேலை; நாளைக்கு அளப்பாள். சரியாக வரும். பிரகதீஷ் கத்துவதை நிறுத்துவார். பேச்சு அப்படியே அடங்கிவிடும். சென்னைப் போர்டுகள் திரும்பி வந்ததும் அவற்றையும் சத்தமில்லாமல் சரி செய்துவிடலாம். யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

ரொம்ப நாளைக்குப் பிறகு மனசு லேசாக இருந்தது. மாத்திரையும் மறக்காமல் வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஜூன் 14, சனி

நேற்று மாலை நான் கிளம்பிய பிறகு ஜெசிந்தா நேரே முதலாளியிடம் போயிருக்கிறாள். "ஒரே ஒரு தடவ உங்க முன்னால அளந்து காட்டுதேன் சார். ஸ்கோப்ப வச்சு ஒண்ணு, எடுத்து ஒண்ணு. நீங்களே பாருங்க." சென்னியப்பன் சரி என்றிருக்கிறார்.

நான் உள்ளே நுழைந்தபோது எல்லாரும் மேஜையைச் சுற்றி நின்றிருந்தார்கள். நடுவில் மூன்றாவது போர்டு. முதலாளி நாற்காலியில். பிரகதீஷ் கையைக் கட்டிக்கொண்டு.

அப்போது சொல்லியிருக்கலாம். அதை முதலில் எழுதிவிடுகிறேன். அவள் ஸ்விட்சைப் போடுவதற்கு முன்னால் சொல்லியிருக்கலாம்.

"சார், இப்ப ஸ்கோப் இருக்கு. முப்பத்தொண்ணு." எல்லாரும் பார்த்தார்கள். "இனி எடுக்கேன். ஏறும், பாருங்க." முனையை எடுத்தாள்.

முப்பத்தொன்று.

மறுபடி வைத்தாள். எடுத்தாள். முப்பத்தொன்று. அணைத்துப் போட்டாள். வயரை அசைத்தாள். மீட்டரை விரலால் தட்டினாள்.

"அம்மிணி," என்றார் சென்னியப்பன், கோபமில்லாமல். "எதுக்குக் கண்ணு இப்படி? தப்பா அளந்துட்டன்னா அளந்துட்டேன்னு சொல்லிப் போட்டுப் போயிருக்கலாமல்லொ."

"நேத்துகூட வந்துச்சு சார்."

"நெம்ப நாளா இதத்தான் சொல்ற."

பிரகதீஷ் கட்டியிருந்த கையைப் பிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "சார், நீங்க சீனியர். நீங்க சொல்லுங்க. ஸ்கோப்பை எடுத்தா கரண்ட் ஏறுமா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவளும்.

"இந்த போர்டுல ஏறலையே," என்றேன்.

நான் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

ஜூன் 15, ஞாயிறு

தொட்டியைக் கழுவினேன். மூன்று தடவை கழுவினேன். வசந்தாமணி, "அதுல என்னுங் இருக்குது, அந்தத் தேய் தேய்க்கறீங்?" என்றாள்.

ஜூன் 17, செவ்வாய்

ஜெசிந்தாவை நிரந்தரம் ஆக்கவில்லை. வெள்ளிக்கிழமையோடு கணக்கு முடிக்கச் சொல்லிவிட்டார்கள். சொல்லும் காரணங்கள் இரண்டு: தவறாக அளந்தது, கம்பெனி சர்க்யூட்டை வெளியே காட்டியது.

முதலாளி அறை வரை போனேன். கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். பேச்சு முடியட்டும் என்று நின்றேன். முடிந்தது. லீவு லெட்டரில் கையெழுத்து வாங்க வந்தேன் என்றேன். இப்போது லீவு எடுத்தாக வேண்டும்.

ஜூன் 18, புதன்

லீவு. தூறல். எதிலும் கை ஓடவில்லை.

இன்னொன்றை எழுத வேண்டும். ஒன்பதாம் தேதி எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன்.

ரெசிஸ்டர்களை எடுத்தது பிரகதீஷ். ஆனால் போர்டில் எது எங்கே இருக்க வேண்டும் என்று வரைந்தது நான். முதலில் வரைந்ததில் டிரான்சிஸ்டர்கள் கிட்டத்தில்தான் இருந்தன. இரண்டு விரல் தூரம்கூட இல்லை. அப்படியே விட்டிருந்தால் ரெசிஸ்டர் இல்லாமலும் அநேகமாக ஒழுங்காக இருந்திருக்கும். அந்தக் கூட்டம் முடிந்து வந்து உட்கார்ந்து அவற்றைத் தள்ளி வைத்தேன். ஹீட் சிங்குக்கு இடம் வேண்டும் என்று சொல்லிக்கொண்டேன். இடம் ஏற்கெனவே இருந்தது.

பிரகதீஷ் வரைபடத்தைப் பார்த்தார். "நல்லா இருக்கு சார்" என்றார். முதல் தடவையாக அந்த சாருக்குள் சிரிப்பு இல்லை.

ஜூன் 20, வெள்ளி

அவள் என்னிடம் வாங்கியிருந்த சின்ன இடுக்கியைத் திருப்பித் தர வந்தாள்.

"ஊருக்குப் போறியாம்மா?"

"ஆமா சார். நாளைக்கு ரயிலு."

"அடுத்து எங்கே?"

"எங்கயும் இல்ல சார். பக்கத்துல ஒரு ஸ்கூல்ல ஆபீஸ் வேல இருக்கு. அப்பா சேரச் சொல்லுதாரு." இடுக்கியை விரலில் திருப்பினாள். "சார், ஒரு விஷயம். போர்ட மாத்திட்டாங்களோன்னு நெனச்சு ராவு பூரா பிரகதீஷ் சார ஏசிட்டுக் கெடந்தேன். பொறவு வந்து நம்பரப் பாத்தேன். அதே போர்டுதான். பாவம் அவரு."

"ம்."

"அப்போ எனக்க கண்ணுதான் சார். வராத நம்பர நான் பாத்திருக்கேன். ஒரு வாரத்துக்கு மேல தெனமும் பாத்திருக்கேன். கண்ணால பாத்தத நம்ப முடியாதுன்னா, அளக்குற வேல எனக்கு எதுக்கு?"

இடுக்கியை மேஜையில் வைத்தாள். "நீங்க ஒருத்தர்தான் சார் என்னைப் பாத்துச் சிரிக்காம இருந்தது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஜூன் 21, சனி

இடுக்கி மேஜையிலேயே கிடக்கிறது.

ஜூன் 25, புதன்

சென்னையிலிருந்து போன். சாம்பிள் இரண்டும் சும்மா இருக்கும்போதே கை வைக்க முடியாத அளவு சூடாகின்றனவாம். பிரகதீஷ் மாடியிலிருந்து சொன்ன பதில்: "மெட்ராஸ் வெயில் அப்படி சார். ஒரு ஃபேன் வச்சுக்கலாம்."

மூன்று வாரம் முன்னால் என்றால் இதை எழுதும்போது எனக்கு இனித்திருக்கும். இன்று அவர் இறங்கி வந்து ஹீட் சிங்கைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதைப் பார்த்தேன். முகத்தில் பயம் இருந்தது. எங்கே தப்பு என்று அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. புராஜெக்டுக்கு வந்த காலத்தில் இதே முகத்தோடு என் முன்னால் நின்றிருக்கிறார். அப்போது நான் சொல்லித் தந்தேன்.

ஜூன் 27, வெள்ளி

இணையக் களத்தில் அவளுடைய கேள்விக்குக் கீழே இன்று ஒரு புது வரி. அவளே எழுதியிருக்கிறாள்.

"எல்லாருடைய நேரத்தையும் வீணாக்கியதற்கு மன்னிக்கவும். தப்பு என்னுடையதுதான். நான் மீட்டரைத் தவறாகப் படித்துவிட்டேன். சர்க்யூட்டில் பிரச்சினை இல்லை. இந்தக் கேள்வியை மூடிவிடலாம்."

கீழே யாரோ ஒரு சிரிப்புப் பொம்மை போட்டிருக்கிறார்கள்.

வசந்தாமணி சாப்பிடக் கூப்பிட்டாள். போகவில்லை. வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன், தள்ளி வரைந்தது உட்பட. கரண்ட் கதை அவளுக்குப் பாதிதான் புரிந்திருக்கும். கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"அந்தப் புள்ள பாத்தது நெசந்தானுங்?"

"நெசந்தான்."

"அத அந்தப் புள்ளகிட்ட யாருங் சொல்றது?"

ஜூன் 28, சனி

மத்தியானம் மூன்றாவது போர்டை எடுத்துத் திருப்பிப் படம் எடுத்தேன். இரண்டு ரெசிஸ்டரும் தெளிவாகத் தெரிகின்றன.

முதலாளியிடம் நேரே சொல்லலாம். யோசித்தேன். பெண்ணுக்குக் கல்யாணம் முடித்த கடன் இன்னும் இருக்கிறது, இந்த வயதில் வேறு இடம் கிடைக்காது என்பதெல்லாம் இரண்டாவது. அவர் என்னைப் பார்த்து, "நீங்களுமா சாரு" என்று கேட்பார். அதற்கு நிற்க எனக்குத் தைரியம் இல்லை. இல்லை என்பதை எழுதத்தான் முடிகிறது.

ஜூன் 29, ஞாயிறு

என்னவெல்லாம் எனக்குச் செய்தார்கள் என்று சொல்வதற்காக இதைத் தொடங்கினேன். முதல் பக்கத்தைத் தவிர வேறெங்கும் அது இல்லை.

காலையிலிருந்து எல்லாவற்றையும் கணினியில் தட்டி முடித்தேன். எல்லார் பெயரையும் மாற்றிவிட்டேன். எதையும் சேர்க்கவில்லை. மூன்றாம் தேதி கேக் விவகாரத்தை எடுத்துவிடலாமா என்று நினைத்தேன். இருக்கட்டும் என்று விட்டேன். அவளுடைய கேள்விக்குக் கீழே, அவள் மன்னிப்புக் கேட்டிருக்கும் வரிக்கு அடியில் இதைப் போடப் போகிறேன். அந்தப் பக்கம் எங்கள் கம்பெனியில் எல்லாருக்கும் தெரியும். பிரகதீஷ் படிப்பார். முதலாளிக்கு யாராவது படித்துக் காட்டுவார்கள். அவளும் படிப்பாள் என்று நம்புகிறேன். அவளுக்காகத் தலைப்பில் ஒரு வரி: நீங்கள் பார்த்தது எண்பத்து நான்குதான்.

பெயர் கேட்கும் கட்டம் ஒன்று இருக்கிறது. அதில் எழுதி, அழித்து, எழுதி, அழித்தேன். காலியாக விட்டால் 'பெயரிலி' என்று வருமாம்.

படத்தையும் சேர்த்தேன். திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது ரெசிஸ்டரின் கால்கள் நன்றாகத் தெரிந்தன. நான்கும் இடது பக்கமாக மடங்கியிருக்கின்றன. கால்கள் தெரியாதபடி ஓரத்தை வெட்டிவிட்டுப் போடலாம்; வெட்டுவதற்குப் பொத்தான்கூட இருக்கிறது. கொஞ்ச நேரம் அதன் மேல் அம்புக்குறியை வைத்திருந்தேன்.

படம் முழுசாகவே போகட்டும். பெயர் போடப் போவதில்லை.